குமிழைக் குறைத்தால் ஒலி கூடும்

இரண்டு பிக்கப் உள்ள பேஸ் கிட்டாரைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் அதன் இரண்டு வொலியூம் குமிழ்களையும் கடைசிவரை திருகிவிட்டு, அதற்குப் பிறகு அவற்றின் பக்கமே போவதில்லை. ஒலி பிடிக்காவிட்டால் அம்ப்ளிபயரைத் திருகுவார்கள், கம்பியை மாற்றுவார்கள், மிக்சரில் நிற்பவரிடம் "லோ கொஞ்சம் கூட்டுங்க" என்பார்கள். வொலியூம் குமிழ் சத்தத்தின் அளவுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. இரண்டு பிக்கப் உள்ள கருவியில் இந்த எண்ணம் தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அங்கே அந்த இரண்டு குமிழ்களும் சேர்ந்து ஒலியின் குணத்தை மாற்றும் கருவியாக வேலை செய்கின்றன. இரண்டையும் முழுக்கத் திறந்து வைத்திருப்பது பொதுவான, நடுநிலையான தொடக்கம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மிகக் குறிப்பிட்ட ஒரு ஒலி. தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா மேடை அமையும் இடங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாத ஒலி.

உதாரணத்துக்கு ஃபெண்டர் ஜாஸ் பேஸை எடுத்துக்கொள்வோம். இன்று மலிவாகக் கிடைக்கும் இரண்டு பிக்கப் கருவிகளில் பெரும்பகுதி அதன் வழிவந்தவைதான். ஃபெண்டர் 1951இல் விட்ட பிரசிஷன் பேஸில் ஒரே பிக்கப், ஒரே வொலியூம், ஒரே டோன். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் பிக்கப் இரண்டாயின. முதலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குமிழ்கள் இருந்தன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இன்று நாம் பார்க்கும் இரண்டு வொலியூம், ஒரு டோன் என்ற அமைப்பு நிலைத்தது. கலவைக்கென்று தனிக் குமிழ் அதில் கிடையாது. எதை எவ்வளவு கலப்பது என்பதை வாசிப்பவரின் கைக்கே விட்டுவிட்டார்கள். அந்தப் பொறுப்பைத்தான் நாம் முழுக்கத் திருகிவிட்டுத் தட்டிக்கழிக்கிறோம்.

பிக்கப் தன் நேர் மேலே கம்பி எப்படி அசைகிறதோ அதை மட்டுமே கேட்கிறது. கம்பி பிரிட்ஜுக்கு அருகில் குறைவாகவும், நடுப்பக்கம் போகப்போக அதிகமாகவும் ஆடும். ஜாஸ் பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். நெக் பக்கத்துப் பிக்கப் பிரிட்ஜிலிருந்து சுமார் 6 அங்குலத்திலும், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் சுமார் இரண்டரை அங்குலத்திலும் இருக்கின்றன. 1970களின் கருவிகளில் பின் பிக்கப் இன்னும் கொஞ்சம் பிரிட்ஜை ஒட்டி நகர்ந்தது. இந்த இடைவெளிகளை வைத்துக் கணக்குப் போட்டால், பின் பிக்கப் பெறும் அடிச்சுரம் முன் பிக்கப் பெறுவதில் பாதிகூட இல்லை. இது எல்லோருக்கும் காதால் தெரிந்ததுதான்: முன் பிக்கப் தனியாகக் கனமாக இருக்கும், பின் பிக்கப் தனியாக மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். இரண்டும் சேரும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் பலருடைய ஊகம் பிழைக்கிறது. கனமும் தெளிவும் கூட்டுத்தொகையாக வந்து சேரும் என்று எதிர்பார்க்கிறோம். அப்படி வருவதில்லை.

கம்பி ஒரே சமயத்தில் பல வேகங்களில் அதிர்கிறது. அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்கள் அதே கம்பியில் அலைகளாக ஓடுகின்றன. திறந்த ஈ கம்பியின் அடிச்சுரம் 41 ஹேர்ட்ஸ். அதன் எட்டு மடங்கான 330 ஹேர்ட்ஸை எடுத்துப் பாருங்கள். அந்த வேகத்தில் கம்பி முன் பிக்கப்பின் மேல் கீழே போகும்போது பின் பிக்கப்பின் மேல் மேலே போகிறது, கிட்டத்தட்ட ஒரே அளவில். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பிக்கப்பிலுமே அந்தச் சுரம் பலமாக ஒலிக்கும். இரண்டையும் சமமாகக் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஈ கம்பியில் இந்தப் பள்ளம் 330 முதல் 390 ஹேர்ட்ஸ் வரை விழுகிறது. ஏ கம்பியில் அது 445க்கும் 520க்கும் இடையில். டி கம்பியில் 600க்கும் 700க்கும் இடையில். ஜி கம்பியில் 800க்கும் 900க்கும் சற்று மேலே. விரலை எந்தக் கட்டத்தில் வைத்தாலும் அந்தந்தக் கம்பிக்குரிய பள்ளம் அதே இடத்தில்தான் இருக்கும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது பிக்கப்களின் இடமும் கம்பியில் அலை ஓடும் வேகமும்தான். பேஸ் என்ன சுரம் வாசிக்கிறது என்று கேட்பவரின் காதுக்குச் சொல்லும் நடுப்பகுதி இதுவே. இரண்டு குமிழும் முழுக்கத் திறந்திருக்கும்போது நாம் வெட்டி எறிவது இந்தப் பகுதியை.

குமிழைக் குறைத்தால் நடப்பதை மின்சுற்றில் பார்க்கலாம். ஜாஸ் பேஸின் ஒவ்வொரு பிக்கப்பும் சுமார் 7 அல்லது 8 கிலோ ஓம் மின்தடை உடையது. வொலியூம் குமிழ்கள் 250 கிலோ ஓம். இரண்டு பிக்கப்களும் இணையாகச் சேரும்போது ஒன்றுக்கு மற்றொன்று சுமையாகிவிடுகிறது, அதனால் வெளியே வருவது இரண்டின் கூட்டுத்தொகை அல்ல, சராசரி. பின் குமிழை முழுதிலிருந்து கொஞ்சம் பின்னால் திருகி, அதன் தடத்தில் பத்தில் ஒரு பங்கான 25 கிலோ ஓம் இடையில் புகுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பின் பிக்கப்பின் பங்கு உடனே முன் பிக்கப்பின் பங்கில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதுவரை அழிந்து கிடந்த நடுச்சுரத்தில் பாதிக்கு மேல் திரும்பி வரும். அடிச்சுரமும் கூடும்: பலவீனமான பின் பிக்கப்போடு சராசரி ஆகிக்கொண்டிருந்த முன் பிக்கப் அந்தச் சுமையிலிருந்து விடுபடுகிறது. பின் குமிழை முழுக்க மூடிவிட்டால், இரண்டு பிக்கப்களும் ஒரே சுற்று, ஒரே உயரம் என்ற கணக்கில், அடிச்சுரம் சுமார் 3 டெசிபல் உயரும். ஒரு வொலியூமைக் குறைத்ததால் பேஸ் உரத்து ஒலிக்கிறது. நம்பிக்கை இல்லாதவர் அம்ப்ளிபயரை அப்படியே வைத்துவிட்டு, திறந்த ஈ கம்பியை மீட்டிக்கொண்டே பின் குமிழை மெல்லத் திருகிப் பார்க்கலாம். பல கருவிகளில் பின் பிக்கப்பைச் சற்று உயர்த்தியோ கூடுதல் சுற்றுகள் கொடுத்தோ இருப்பார்கள், அவற்றில் இந்த வித்தியாசம் குறைவாகத் தெரியும். ஆனாலும் தெரியும்.

இந்தக் கணக்கின் நடைமுறை விளைவு ஒன்றுதான், ஆனால் முக்கியமானது. குமிழின் முழுச் சுற்றில் ஒலியின் குணம் மாறுவதில் பெரும்பகுதி முதல் சிறு அசைவிலேயே முடிந்துவிடுகிறது. மீதி முக்கால் சுற்றில் மாற்றம் மிக மெதுவாகவே வரும். காதின் உணர்வுக்கேற்ப மடக்கை முறையில் தடம் போட்ட குமிழாக இருந்தால் இது இன்னும் மோசம், ஏனென்றால் அதில் மேல்முனையில்தான் மின்தடை வேகமாக மாறுகிறது. பாதி வரை திருகிப் பார்த்துவிட்டு "இதில் ஒன்றும் வித்தியாசம் இல்லையே" என்று கைவிடுபவர், வித்தியாசம் இருந்த இடத்தை ஒரே இழுப்பில் தாண்டிப் போயிருக்கிறார். ஆகவே குமிழை மெதுவாக, முழுத் திறப்பை ஒட்டிய அந்தச் சிறு பகுதிக்குள் மட்டும் அசைத்துப் பழகுங்கள். பிடித்த இடம் கிடைத்ததும் குமிழின் ஓரத்தில் ஒரு துளி நகப்பூச்சு வைத்துவிடுங்கள். மேடை வெளிச்சத்தில் வேறு எந்த அடையாளமும் கண்ணுக்குத் தெரியாது.

தெரணியகலை, எட்டியாந்தோட்டை, அவிசாவளைப் பக்கம் இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்று கேட்கலாம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் றப்பர், தேயிலைத் தோட்டங்களில் இசைக்குழு ஏறும் இடங்கள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று திறந்தவெளி: கோயில் முற்றம் அல்லது விளையாட்டு மைதானம். சுவர் இல்லாததால் தாழ்ந்த ஒலி திரும்பி வராமல் சிதறிவிடும். மற்றொன்று சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபம். அங்கே தாழ்ந்த ஒலி மூலைக்கு மூலை முட்டிக் குமுறும், மழை பிடித்துவிட்டால் கூரைச் சத்தம் மேல்சுரங்களை எல்லாம் விழுங்கிவிடும். தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் இந்தப் பகுதியில் மழையைக் கணக்கில் எடுக்காமல் ஒலி அமைப்பது வீண்வேலை. இரண்டு இடத்திலும் பேஸைக் காப்பாற்றுவது நடுப்பகுதிதான். மைதானத்தில் முன் குமிழை முழுக்க வைத்துப் பின் குமிழைச் சற்றுக் குறைத்தால் அடியும் நடுவும் சேர்ந்து உயரும். மண்டபத்தில் அதைத் தலைகீழாக்கி, பின் குமிழை முழுக்க வைத்து முன்னதைச் சற்றுக் குறைத்தால், அடிச்சுரம் இரண்டு மூன்று டெசிபல் தணிந்து குமுறல் அடங்கும். நடு திரும்பி வரும். இரண்டும் ஒரே விரலசைவுதான், திசை மட்டும் மாறுகிறது.

மேடையில் பேஸுக்குப் பக்கத்தில் என்னென்ன ஒலிக்கிறது என்பதும் இதே முடிவுக்கே கொண்டுபோகிறது. கிக் டிரம்மோ ஒக்டபாட்டோ 60 முதல் 100 ஹேர்ட்ஸ் வரையான இடத்தைப் பிடித்துவிடும். கீபோர்டு வாசிப்பவரின் இடக்கை அதற்குச் சற்று மேலே உட்கார்ந்துகொள்ளும். பக்திப் பாட்டில் தப்பும் உறுமியும் சேர்ந்தால் தாழ்ந்த பக்கம் முழுக்க நிறைந்துவிடும். இந்த நெரிசலில் பேஸுக்கு மிஞ்சுவது 200 முதல் 800 ஹேர்ட்ஸ் வரையான நடுப்பகுதிதான். அங்கே பள்ளம் வெட்டிவிட்டு வந்து நின்றால் வாசிப்பவரின் விரல் மட்டும் ஓடும், சுரம் கேட்காது. பாட்டுக்குப் பாட்டும் தேவை மாறும். கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் 1960களில் மூன்ஸ்டோன்ஸ் குழுவின் மூலம் சிங்களப் பாட்டில் மின்கிட்டாருக்கு இடம் பிடித்தார்கள். அடுத்த பத்தாண்டில் ஏ. ஈ. மனோகரன் போன்றோர் தமிழ்ப் பொப்பையும் பைலாவையும் மேடைக்கு மேடை கொண்டுபோனார்கள். அந்த வகை ஆறெட்டுத் துள்ளலுக்கு ஒவ்வொரு சுரமும் குறுகி, வெட்டிவெட்டி விழ வேண்டும். பின் பிக்கப் முன்னிற்பதே அதற்கு நல்லது. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் பல இடங்களில் பாடகரோடு தனிக் குரலாகப் பேசிக்கொண்டு போகும். ஒரு சுரம் மங்கினாலும் பாட்டே குறைபட்டதுபோல் ஆகிவிடும். முன் பிக்கப் முழுதும் பின் பிக்கப் சற்றுக் குறைந்தும் இருப்பதையே அதற்கு நான் சொல்வேன். மெதுவான பாட்டு வரும்போது பின் பிக்கப்பை முழுக்க மூடிவிடுவதில் தவறே இல்லை.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது சவுண்ட்காரரிடமிருந்து வரும்: மிக்சரில் ஈகியூ இருக்கிறது, அங்கே நடுவைக் கூட்டிக்கொள்ளலாமே என்பார். பாதி நியாயம். ஆனால் பள்ளம் ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஈ கம்பிக்காக 350 ஹேர்ட்ஸைக் கூட்டினால், அந்த இடத்தில் குறையே இல்லாத ஜி கம்பி தேவையில்லாமல் வீங்கும். ஜி கம்பிக்காக 850ஐக் கூட்டினால் ஈ கம்பியில் விரல் உரசும் சத்தம் எழும்பும். தவிர, இரண்டு பிக்கப்கள் ஒன்றை ஒன்று அழித்துவிட்ட சுரம் கம்பிவடத்துக்குள்ளேயே வரவில்லை. வராததைக் கூட்டினால் கூடுவது இரைச்சல். கருவியில் கலவையைச் சரிசெய்த பிறகு மண்டபத்தின் குறைக்காக ஈகியூவைத் தொடுவதே சரியான வரிசை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: ஹம். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டவை, காந்தமுனையும் எதிர். அதனால் இரண்டும் சமமாக இருக்கும்போது மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சல் ரத்தாகிவிடும். ஒன்றைக் குறைத்த மறுகணம் அது தலைதூக்கும். இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஹம் வருவது 50இலும் அதன் இரட்டிப்பான 100இலும். திறந்த ஜி கம்பியோ 98 ஹேர்ட்ஸ். ஆகவே ஜியை நீட்டிப் பிடித்தால் ஹம்மோடு மோதி விநாடிக்கு இரண்டு முறை அலையடிக்கும். திருவிழா மேடையின் சீரியல் பல்புகள், டிம்மர்கள், ட்யூப் லைட் சோக்குகள் எல்லாம் இதற்கு எண்ணெய் ஊற்றும். இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் குழு முழுதும் வாசிக்கும்போது அந்த ஹம் மூழ்கிவிடுகிறது; உறுத்துவது பாட்டுகளுக்கு இடைப்பட்ட மௌனத்தில்தான். அந்த நேரத்தில் இரண்டு குமிழையும் மூடி வைக்கலாம். டிம்மரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, உடலைச் சற்றுத் திருப்பிப் பார்த்தாலே பெரும்பகுதி குறையும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் ஒரே பிக்கப்புக்குள் இரண்டு சுருள் வைத்துத் தானாகவே ஹம்மை அழிக்கும் வகை கிடைக்கிறது, ஜாஸ் பேஸின் அதே குழியில் பொருந்தும். ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்: ஹம் போகிறது என்பதற்காக அம்ப்ளிபயர் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றுவது. ஈரத் தரையில், தற்காலிக வயரிங்கில், ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது உயிரைக் காப்பது அந்தக் கம்பிதான்.

மூன்றாவதாக, இங்குள்ள ஸ்பீக்கர் பெட்டிகள் 41 ஹேர்ட்ஸைக் காட்டவே காட்டாதே, இந்த நுணுக்கம் எதற்கு என்பார்கள். பெட்டி காட்டாது என்பது பெரும்பாலும் உண்மை; பன்னிரண்டு அங்குலப் பெட்டி பல 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். ஆனால் அந்த உண்மை என் பக்கம்தான் சாய்கிறது. அடிச்சுரம் காதுக்கு எட்டாதபோது, மேற்சுரங்களின் இடைவெளியை வைத்து மூளை அதைத் தானே ஊகித்துக்கொள்கிறது. சிறிய ரேடியோவில் பேஸ் கேட்பது இப்படித்தான். மேற்சுரம் இல்லாவிட்டால் ஊகிக்க எதுவுமில்லை. பெட்டி சிறிதாகச் சிறிதாக நடுப்பகுதியின் தேவை கூடுகிறது.

பெரிய வாத்தியக்காரர்கள் இரண்டையும் முழுக்க வைத்து வாசிக்கிறார்களே என்பதும் உண்டு. பெருவிரலால் அடித்து வாசிக்கும் மார்கஸ் மில்லர் போன்றோரின் பாணிக்கு நடு குழிந்த ஒலி அழகு. அடியின் கனமும் மேலே பளீரென்ற தட்டலும்தான் அங்கே தேவை. அதே வகைக் கருவியில் ஜாக்கோ பஸ்டோரியஸ் பின் பிக்கப்பை முன்னிறுத்தியே பாடும் குரலை எடுத்தார். பாணிக்குத் தகுந்த தேர்வு என்பதைத்தான் இருவருமே காட்டுகிறார்கள். மீட்டும் விரலின் இடம் பிக்கப்பைவிட முக்கியம் என்று சொல்பவரோடு எனக்குச் சண்டையில்லை. கம்பியை எங்கே மீட்டுகிறோம் என்பதும் சில மேற்சுரங்களை எழுப்பிச் சிலவற்றை அடக்குகிறது. ஆனால் விரல் எழுப்பிய சுரத்தைப் பிக்கப்களின் சமக் கலவை அழித்துவிட்டால் விரலின் உழைப்பு வீண்.

கருவி ஜாஸ் வகை இல்லையென்றால் கணக்குச் சற்று மாறும். முன்னால் பிளவுபட்ட பிரசிஷன் பிக்கப்பும் பின்னால் ஜாஸ் பிக்கப்பும் உள்ள கலப்புக் கருவிகளில் முன்னது தானே ஹம் அழிப்பது, பலமும் அதிகம். அங்கே முன் குமிழை முழுக்க வைத்து, மூடிய நிலையிலிருந்து பின்னதைத் திறந்துகொண்டே வாருங்கள். ஒலி குழியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பின் பிக்கப் எந்த நிலையிலும் கேட்கவே இல்லையென்றால் இரு பக்கத் திருகாணியைத் தளர்த்தி அதைச் சற்று உயர்த்த வேண்டும். பிக்கப் உயரமும் ஒரு கலவைக் குமிழ்தான், ஸ்க்ரூ டிரைவரால் திருகுவது என்பதுதான் வித்தியாசம். ஒன்பது வோல்ட் பட்டரி போட்ட அக்டிவ் கருவிகளில் பெரும்பாலும் ஒரு வொலியூமும், நடுவில் 'டக்' என்று நிற்கும் ஒரு கலவைக் குமிழும் இருக்கும். அந்த நடு நிலையும் சமக் கலவைதான், அதே பள்ளம் அங்கேயும் உண்டு. நடுவிலிருந்து ஒரு நூல் விலக்கி வையுங்கள். அக்டிவில் ஒரு வசதி: மொத்த வொலியூமைக் குறைத்தாலும் மேல்சுரம் மங்காது. பட்டரியில்லாத கருவியில் வொலியூமைப் பாதிக்குக் குறைத்தால் குமிழின் மின்தடையும் நீளமான கம்பிவடமும் சேர்ந்து பளபளப்பைத் தின்றுவிடும். அதனால் மொத்தச் சத்தத்தை அம்ப்ளிபயரில் குறைத்து, கருவியில் ஒரு குமிழாவது எப்போதும் முழுதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை நுணுக்கமும் குமிழ் ஒழுங்காகச் சுழன்றால்தான். சப்ரகமுவ ஈரக்காற்றில் கார்பன் தடம் விரைவில் கெடும். திருகும்போது கரகரப்பு வந்தால் அதுதான் அறிகுறி. கொன்டாக்ட் கிளீனரைக் குமிழின் உள்ளே பீச்சி இருபது முப்பது முறை முழுச் சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் சரியாகும். சரியாகாவிட்டால் மாற்றுவது பெரிய செலவு இல்லை. மாற்றும்போது 250 கிலோ ஓமில் சீரான தடம் கொண்டதைக் கேட்டு வாங்கினால், முதல் சிறு அசைவுக்குள் அடைபட்டுக் கிடந்த மாற்றம் சற்று விரிந்து கைக்கு வசப்படும். முன், பின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் நகப்பூச்சு வைத்த இடங்கள் இரண்டு குமிழிலும் இரண்டு அர்த்தம் சொல்லும்.